அனுமதி கேட்ட புரோகிராம்

"அலவ்னு அமுக்கிட்டுப் போ அம்பிகா. எத்தன தடவ சொல்றது?"

"மொதல்ல அது என்னன்னு சொல்லுங்க."

காரிமங்கலத்தில் அம்பிகா நடத்தும் கம்ப்யூட்டர் கடை அது. ஸ்பீக்கர் போனில் கத்தியவன் ஓசூரில் வேலை பார்க்கும் சந்திரன், ஒன்பது நாளில் அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன். என் ரேஷன் கார்டு நகல் எப்போதோ கைக்கு வந்துவிட்டது. வெயில் தாழட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

பெயர் தெரியாத ஒரு புரோகிராம் இணையத்துக்குப் போகப் பார்க்கிறது, அனுமதிக்கவா தடுக்கவா என்று திரையில் கம்ப்யூட்டரைக் காவல் காக்கும் ஃபயர்வால் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழம பத்திரிகை காட்ட வந்தப்ப கம்ப்யூட்டரச் சரி பண்றேன்னு உக்காந்தீங்களே, அப்ப போட்டதா?"

போனில் அவன் குரல் இறங்கியது.

"உன் ஸ்கிரீனு எனக்கு இங்கருந்தே தெரியும், அவ்வளவுதான். உன் பாதுகாப்புக்குத்தான்."

"ஊரு சனத்தோட ஆதாரு, பட்டா எல்லாம் இதுல இருக்குதுங்க."

"கட்டிக்கப்போறவன நம்ப மாட்டியா?"

அவள் விரல் மவுஸின் மேல் நின்றது. மண்டபம் பேசியாகிவிட்டது, மூன்று ஊருக்குப் பத்திரிகையும் போய்விட்டது.

"கேட்டுட்டுப் போட்டிருந்தா நம்பியிருப்பேங்க" என்று 'தடு' என்பதை அமுக்கினாள். அந்தப் புரோகிராமையும் அழித்தாள். அவன் போனைத் துண்டித்தான்.

கல்யாணம் நின்றது. அடுத்து வந்த தை மாதத்திலேயே சந்திரன் மாரண்டஹள்ளிப் பெண் ஒருத்தியைக் கட்டி ஓசூருக்குக் கூட்டிப்போனான். அந்தப் பெண்ணுடைய போன் பெரும்பாலும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறதாம். அம்பிகா மறுவருடம் பாப்பாரப்பட்டிக்கு வாக்கப்பட்டு, கடையையும் கூடவே கொண்டுபோய்விட்டாள்.