மணிக் கம்பி

சாயங்காலமானால் இணையம் செத்துவிடுகிறது என்று தோரா என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். மூன்று முறையும் மோடத்தின் மேல் பழியைப் போட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, இந்தச் சாண்டே தீவில் எலெக்ட்ரீஷியன் நான் ஒருவன்தான். வேறு ஆள் வேண்டுமென்றால் கப்பலில் வரவேண்டும். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

நாலாவது முறை போனது டிசம்பரில், மதியம் இரண்டரை மணிக்கு. தோரா பள்ளியில் என் வகுப்பு. காது கேளாதவர்களுக்குச் சைகையில் மொழிபெயர்ப்பவள். வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி வீடியோவில் வேலை.

"இன்னிக்கு நாலரைக்கு லைன் அறுந்துபோகாம இருக்கணும், எர்லெண்ட். மறுபடி மோடம் கீடம்னு கதை விட்டே, டீ கிடையாது."

"அப்படி என்ன தலைபோற அவசரம்?"

"போன வாரம் ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளை. பேரு, ஊரு கேக்காத. டாக்டர், 'ரிசல்ட் வந்திருச்சு, அந்தக் கட்டி...'ன்னாரு. நான் கையைத் தூக்கினேன். படம் அப்படியே உறைஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் அவ, அந்தரத்துல நின்ன என் கையையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்திருக்கா. டாக்டர் எழுதிக் காட்டினாராம். சைகைதான்டா அவ தாய்மொழி, அந்த வார்த்தை அவளுக்குப் பிடிபடலை. இன்னிக்குத்தான் திரும்ப வரா. ஒரு வாரமா என்னத்தை நினைச்சுட்டுப் படுத்திருப்பா?"

மூன்று டீ குடித்தவன் நான்.

போன் லைன் வாசலருகே இருக்கும் சாக்கெட்டுக்குத்தான் வருகிறது. அங்கே கரண்டுக்கு பிளக் பாயின்ட் இல்லை. அதனால் அங்கிருந்து மாடிக்கு ஒரு இணைப்பு இழுத்து, மோடத்தை அங்கே வைத்திருந்தாள். மாடியில் அந்த இணைப்பு முடியும் பெட்டியைத் திறந்தேன். போனுக்கு இரண்டு கம்பி போதும். மூன்றாவதாக ஒரு ஆரஞ்சுக் கம்பி திருகியிருந்தது. பழைய போன்களில் மணி அடிப்பதற்கான கம்பி.

"இதை எந்த மடையன் மாட்டினது?"

"நீதான்."

"நானா?"

"அப்ப இது எங்கப்பா ரூம். போன்ல மணி அடிக்கலைன்னு நீதான் வந்து மாட்டின. 'எவ்வளவு சுத்தமான வேலை பாரு'ன்னு உன்னை நீயே மெச்சிக்கிட்டு போன. மறந்துபோச்சா?"

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வண்டியிலிருந்து என் சின்ன ரேடியோவை எடுத்துவந்து அந்தக் கம்பியருகே பிடித்தேன். வெறும் இரைச்சல்தான். மூன்றேகாலுக்கு ஜன்னலுக்கு வெளியே சூரியன் கடலில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இரைச்சலுக்குள் ஒரு ஆள் பேசினான், ஸ்பானிய மொழியில். முள்ளைத் துளி நகர்த்தினேன். ஒரு பெண் அரபியில் பாடினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பாஷை, அதற்கும் பின்னால் இன்னொன்று. கம்பியை விட்டு ரேடியோவை விலக்கினால் எல்லாம் மங்கின. பக்கத்தில் கொண்டுபோனால் காதருகே வந்து நின்றன.

பகலில் இந்த ரேடியோ அலைகளை வானம் விழுங்கிவிடும், இருட்டினால் திருப்பி அனுப்பும் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு. என் கையால் திருகிய கம்பியில் பாதி உலகம் வந்து பேசுவதைக் கேட்பது வேறு. தோரா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இத்தனை பேரும் தினமும் என் வீட்டுலயா இருந்தாங்க?" என்றாள்.

"நான்தான் கதவைத் திறந்து விட்டிருக்கேன். இந்தக் கம்பி ஏரியல் மாதிரி ரேடியோவைப் பிடிச்சு லைனுக்குள்ள விடுது, அதான் இருட்டினா இணையம் சாகுது."

மணி மூன்றரை. வாசல் சுவருக்கு அந்தப்பக்கம் சமையலறை. அங்கே ஒரு பிளக் பாயின்ட் உண்டு. மெயினை அணைத்தேன். தோரா டார்ச் பிடித்தாள். சுவரைத் துளைத்து, சமையலறை பிளக் பாயின்ட்டிலிருந்து வயரை இந்தப்பக்கம் இழுத்து, புதிதாக ஒரு பிளக் பாயின்ட் வைத்து, ஒருமுறைக்கு இருமுறை சோதித்தேன். மாடிக்குப் போன பழைய இணைப்பை, மணிக் கம்பியோடு சேர்த்து அடியோடு கழற்றினேன். மோடம் வாசலுக்கு வந்தது. அதிலிருந்து மாடிக்கு நீளக் கேபிள். நாலு இருபதுக்கு விளக்கு பச்சையானது.

"இனி நீ வெளியே போ. நோயாளி கையால சொல்றதை நான் டாக்டருக்கு வாய்விட்டுச் சொல்லுவேன், அது உன் காதுல விழக்கூடாது," என்றாள்.

வண்டிக்குள் உட்கார்ந்தேன். காற்று கதவை உலுக்கியது. வண்டி ரேடியோவைப் போட்டால், முன்னைவிடக் கூட்டம். வானம் முழுக்க ஆட்கள். அரை மணி நேரம் இந்த வீட்டை விட்டுவிடுங்களேன் என்று அவர்களிடம் வாய்விட்டே கெஞ்சினேன்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

"லைன்?"

"ஒரு தடவைகூட நிக்கலை."

"அந்தம்மா?"

"கேக்காதன்னேன்ல."

அவள் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தொழிலில் பழகின முகம்.

"உனக்கு ஒண்ணு சொல்லச் சொன்னா. லைனைச் சரி பண்ணினவர்கிட்டன்னு," என்று விரல் நுனிகளைத் தாடையில் வைத்து, கையை என் பக்கம் நீட்டினாள்.

நானும் செய்து பார்த்தேன்.

"உதட்டுல இருந்து இல்லடா, அது முத்தம். தாடையில இருந்து."

சிரித்துக்கொண்டேதான் திரும்பச் செய்தேன். பாதியில் என் கை நின்றுவிட்டது. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் சொன்னதை அந்தப் பெண் தோராவின் கையில் கடைசிவரை பார்த்திருக்கிறாள். பார்த்து முடித்த கையோடு, முகம் தெரியாத ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு நன்றி சொல்ல அவளுக்குத் தோன்றியிருக்கிறது.