கோட்டுக்குக் கீழே இரண்டு

திரையில் தன் வரைபடம் விழுந்ததும் அவள் பட்டைகளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப்பார்த்தாள். கோட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பட்டைகளைக் காணோம். மிச்சமெல்லாம் மேல்நோக்கிச் சமர்த்தாக நின்றன. நிறத்தைச் சரிசெய்து தருவதாக நேற்று அந்தப் படத்தின் ஃபைலை வாங்கிக்கொண்டவர் அவளுடைய பேராசிரியர். அவர் முன்வரிசையில் சிப் நிறுவனத்து ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்து, ‘ம், மேலே போ’ என்பதுபோலத் தலையசைத்தார்.

இந்த ஆராய்ச்சியை அவள் தன் அக்காவுக்கு விளக்கியது வீட்டு ஃப்ரிட்ஜைக் காட்டித்தான். கிராஃபிக்ஸ் ப்ராசஸர் என்ற கணினிச் சிப்புக்குள் ஆயிரக்கணக்கான வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கேஷ் என்னும் குட்டி நினைவகமோ, அந்த ஃப்ரிட்ஜைப் போல, எல்லாவற்றுக்கும் பொது. ஒன்று கொண்டுவந்து வைத்ததை இன்னொன்று வெளியே தள்ளிவிடும்.

“அப்போ மறுபடி தேவைப்படாததை உள்ளயே வைக்காதீங்கடான்னு சொல்றே, அவ்வளவுதானே?” என்றாள் அக்கா.

“அவ்வளவுதான்க்கா. எது தேவைப்படும்னு முன்கூட்டியே கணிக்கிறதுக்குள்ளதான் என் உயிர் போகுது.”

அந்தக் கணிப்பு பெரும்பாலான நிரல்களை வேகமாக்கியது. இரண்டை மட்டும் ஆமையாக்கியது; கோட்டுக்குக் கீழே தொங்கியவை அவைதான். ஏனென்று பிடிபடவேயில்லை. பேராசிரியர் போன வாரமே நயமாகச் சொல்லிப்பார்த்தார். “அந்த ரெண்டையும் தூக்கிடும்மா. இந்த சிப் கம்பெனிக்காரங்க தலையாட்டினாத்தான் நம்ம லேப் இருக்கும். உன் பட்டமும் அதுலதான் தொங்குது.” “தூக்க மாட்டேன் சார்” என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று இப்போதுதான் உறைத்தது.

பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்புதான் அவளை உசுப்பிவிட்டது. திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் பலகையின் ஓரத்துக்குப் போய் மார்க்கரை எடுத்தாள். ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே இரண்டு பட்டைகளை இழுத்தாள்.

“நீங்க பார்க்கிற படம் முழுசு இல்ல. இந்த ரெண்டு நிரலையும் என் முறை மெதுவாக்குது.”

பேராசிரியர் பாதி எழுந்தார். “அது வந்து... இன்னும் சரிபார்க்கணும்...”

“பார்த்தாச்சு சார். திரும்பத் திரும்பப் பார்த்தாச்சு.”

நிறுவனத்திலிருந்து வந்திருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் மெதுவாகுது?”

“தெரியல மேடம்.”

“தெரியலைன்னு சொல்லவா எங்களை இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க?”

அவளுக்குக் காது சுட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை. “தெரிஞ்ச மாதிரி நடிக்க வரவழைக்கல மேடம். எங்கெங்க சந்தேகப்படுறேன்னு போட்டுக் காட்டுறேன். உக்காந்து கேக்குறீங்களா?”

அந்த அம்மாள் எழுந்து போகவில்லை. பேராசிரியர் சுவரோரமாகப் போய் ஒரு பொத்தானை அழுத்தினார். ப்ரொஜெக்டர் அணைந்தது. திரை முனகிக்கொண்டே மேலே சுருள ஆரம்பித்தது. கூட்டத்தை முடிக்கத்தான் அழுத்தினாரா, பலகையை அவளுக்கு விட்டுத்தரத்தானா? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரை ஏற ஏற, அதன் பின்னாலிருந்த பலகை அடியிலிருந்து வெள்ளைவெளேரென்று விரிந்துகொண்டே வந்தது. அவள் எழுதியபடியே அதற்குள் நகர்ந்தாள்.