இரவல் போன கடனட்டை

1

“அந்தக் கிறெடிட் காட்டைக் கத்தரிக்கோலாலை வெட்டச் சொன்னனானோ இல்லையோ?”

“சத்தம் போடாதையும், ஆக்கள் பாக்கினம்—”

“பாக்கட்டும். வெட்டிப்போட்டன் எண்டு சொன்னியள்—”

“நான் எங்கை சொன்னனான்? நீர் கேட்டீர், நான் தலையாட்டினன்—”

“மாடுந்தான் தலையாட்டும்!”

இந்தக் கதை கிடைத்தது இப்படித்தான். யாழ்ப்பாணத்து வங்கியொன்றில் இலக்கத் துண்டோடு காத்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் கேட்ட ஐந்து வரிகள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதைகள் எனக்குக் குரல்களாகத்தான் வரும். முகத்தைப் பார்த்துவிட்டால் குரல் நின்றுவிடும். என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன். பின்னால் வாங்குப் பலகையில் இருந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். மீதி முழுவதும் நான் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவையே: லெனாட், றொசாந்தி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “லெனாட் நல்லவன்தான், ஆனால் பின்னேரமானால் அவன் கால் கள்ளுத் தவறணைப் பக்கம்…”

வெட்டிவிட்டேன். கடன்பட்ட ஆணைக் கண்டவுடன் அவன் கையில் ஒரு போத்தலைக் கொடுத்துவிடுகிறது என் பேனா. அந்தக் குரலில் இருந்தது வெறியல்ல, வெட்கம்.

இரண்டாவது தொடக்கம்: “நாடு கடன் கட்ட வழியில்லாமல் வங்குரோத்தான அந்த ஆண்டில்…” இதுவும் சரிவரவில்லை. அது பத்திரிகைக்காரரின் வசனம். றொசாந்தி அப்படிக் கதைக்கமாட்டாள்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். லெனாட் குருநகரில் படகு இயந்திரம் விற்கும் கடையில் மாதச் சம்பளக்காரன். றொசாந்தி வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பவள். கூரைத் தகரம் மாற்றியது, மகளின் கண் வைத்தியம், மாவும் சீனியும் நெருப்பு விலை விற்ற மாதங்களின் கடைச்சாமான் என்று லெனாட்டின் கடனட்டையில் நாலு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் ஏறிவிட்டது. மாதாமாதம் கட்டினார்கள். கட்டியது வட்டிக்கே போனது.

3

வழியைக் கண்டுபிடித்தவள் றொசாந்தி. சட்டை தைக்கக் கொடுத்த ஒரு ரீச்சர் சொன்னாராம்.

“கடனை அடைக்க இன்னொரு கடனோ? இதென்ன விளையாட்டு?”

“அடைக்கிறேல்லை, இடம் மாத்திறது. பழைய பாங்கிலை நூற்றுக்கு இருபத்தெட்டு வட்டி. இன்னொரு பாங்க் தன்ரை காட்டைத் தந்து, இந்தக் கடனைத் தான் எடுக்குதாம். ஒரு வருசத்துக்கு வட்டி இல்லை.”

“அவங்களுக்கென்ன விசரோ?”

“விசரில்லை. ஒரு மாசம் பிந்தினால் சலுகை போச்சு. மிச்சத்துக்கெல்லாம் வட்டி ஏறும். நாங்கள் எப்ப பிந்துவம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாங்கள்.”

“பிந்தமாட்டம்.”

“மாசம் நாப்பதாயிரம், பன்ரண்டு மாசம். நான் கூடத் தைக்கிறன். நீங்கள் அந்தப் பழைய காட்டை வெட்டி எறியுங்கோ.”

லெனாட் தலையாட்டினான்.

ஒன்பது மாதம் ஒரு நாளும் பிந்தவில்லை. ஒன்பது மாதம் அந்த வீட்டில் பெரிய மீன் வெட்டவில்லை. (இந்த வசனத்தை எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் பேனாவை வைத்துவிட்டேன். கடலோரத்தில் இருந்துகொண்டு சூடையும் நெத்தலியுமாக ஒன்பது மாதம்! அவள்மேல் எனக்கு மதிப்பு வந்தது அங்கேதான்.)

4

இனி அந்தப் பிழைக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

அங்கே நகை சும்மா கிடப்பதில்லை. ஒரு வீட்டில் அவசரமென்றால் பக்கத்து வீட்டுச் சங்கிலி கழுத்தைவிட்டிறங்கி அடைவு கடைக்குப் போகும். இரவல் வாங்கியவர் வட்டி கட்டி, மீட்டு, திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. முன்பு லெனாட் பிரான்சுக்குப் போகவென்று ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசு, பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவின் நாலு பவுண் சங்கிலியால் வந்தது. அவன் மலேசியாவரை போய், அதோடு திரும்பி வந்தான். சங்கிலியை மீட்க மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத் திருநாளுக்கும் வெறுங்கழுத்தோடு கோயிலுக்குப் போன லூர்த்தம்மா, கேட்டவர்களுக்கெல்லாம் “பவுண் எனக்குக் கழுத்திலை கடிக்குது” என்றாராம்.

கடனை மாற்றிய இரண்டாம் மாதம், லூர்த்தம்மாவின் மகன் கொலின்ஸின் வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போய்விட்டன. அவன் லெனாட்டின் கடைக்கு வந்தான்.

“அண்ணை, உங்கடை பழைய காட் இப்ப வெறுமையாத்தானே கிடக்குது?”

“ஓமடா, அதை மீட்டாச்சு.”

“எனக்கு வலைக்கு வேணும். மாசாமாசம் நானே கட்டுறன். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ, சங்கத்திலை எடுத்ததெண்டு சொல்லியிருக்கிறன்.”

மீட்டாச்சு என்றான் பாருங்கள், அதுதான் பிழை. அடைவிலிருந்து வந்த சங்கிலியைப் போலத்தான் அந்த அட்டையை அவன் நினைத்தான். அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறது. கேட்பவன் லூர்த்தம்மாவின் பிள்ளை. இல்லையென்று எந்த வாயால் சொல்வது?

(இடைக்குறிப்பு: நாலு பவுண் சங்கிலியை இரவல் கொடுத்தால், எவ்வளவு கெட்டாலும் போவது நாலு பவுண்தான். கடனட்டையை இரவல் கொடுப்பவர் தன்னுடைய பெயரையே கழற்றிக் கொடுக்கிறார்.)

கொலின்ஸ் இரண்டே முக்கால் லட்சத்துக்கு வலை எடுத்தான். சொன்னபடி கட்டியும் வந்தான். பிறகு காற்றுக்காலம் வந்தது. கடலுக்குப் போகவில்லை. இரண்டு மாதம் தவறிவிட்டது. பழைய வங்கியின் கடிதம் றொசாந்தியின் கையில் கிடைத்தது. தவறிய காசும் தண்டமுமாக நாற்பதாயிரம் கட்டு, அல்லது வழக்கு. புதிய வங்கிக்குப் பத்தாம் மாதத்துக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததும் நாற்பதாயிரம்தான். இரண்டு வங்கி, ஒரு கட்டுக் காசு, ஐந்து நாள்.

5

கொலின்ஸை ஏமாற்றுக்காரனாக்கினால் கதை இலகுவாகிவிடும். முயன்று பார்த்தேன். “காத்து நிண்டவுடனை முதல் உங்களுக்குத்தான் அண்ணை” என்கிறான் அவன்; எனக்கே நம்பிக்கை வருகிறது. சரி, முடிவையாவது மாற்றிப் பார்ப்போம்.

முடிவு ஒன்று: நாளைக்கே காற்று நின்று, கொலின்ஸின் வலையில் பாரை மீன் குவிகிறது. எழுதினேன், வெட்டினேன். நான் சொல்லிக் கடல் கேட்குமா?

முடிவு இரண்டு: முகாமையாளர் இரங்கி ஒரு மாதத் தவணை கொடுக்கிறார். அவர் கொடுக்கலாம், ஆனால் அவருடைய கணினி கொடுக்காது.

முடிவு மூன்று: றொசாந்தி தையல் மெசினை விற்று…

இதைப் பாதியில் நிறுத்தி என்னையே கேட்டவள் றொசாந்திதான். “மெசினை வித்துப்போட்டு மற்ற ரெண்டு மாசத்துக்கும் என்னத்தாலை கட்டுறது? நீங்கள் வந்து தைச்சுத் தருவியளோ, அம்மா?”

மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்த வரியை விட்டுவிட்டேன்.

இனி ஒரு வாசல்தான் மிச்சம்: லூர்த்தம்மாவுடையது.

“நீர் அங்கை போகாதையும் றொசாந்தி. அந்த மனிசியிட்டைப் போய்க் காசு கேக்க எனக்கு முகமில்லை.”

“உங்களுக்கு முகமில்லை. எனக்கு நாளில்லை.”

“அவ தாங்கமாட்டா.”

“நான் மட்டும் இரும்போ?”

6

அவளை அந்த வீட்டுப் படலைவரை கொண்டுபோய் விடுகிறேன். அதற்குமேல் எனக்கு நியாயம் தெரியவில்லை. றொசாந்தி கேட்பது சரி. லூர்த்தம்மா சொல்லப்போவதும் சரி. இந்த வயதில் எனக்குக் கைவராத ஒரு பதிலை, வாசிக்கிற நீங்கள்தான் றொசாந்தியின் வாயில் வைக்கவேண்டும்.

“வா பிள்ளை, வா. தேத்தண்ணி போடட்டோ?”

“வேண்டாம் மாமி. ஒரு கதை கதைக்க வந்தனான்.”

“கொலின்ஸ் என்னவும் பிழை விட்டவனோ?”

“பிழையெண்டில்லை… அவன்ரை வலைக்காசு சங்கத்திலை எடுத்ததில்லை, மாமி. எங்கடை காட்டிலை எடுத்தது. ரெண்டு மாசமாக் கட்டேல்லை. திங்கக்கிழமைக்குள்ளை நாப்பதாயிரம் கட்டவேணும். இல்லாட்டி இவரிலை வழக்குப் போடுவாங்கள்.”

லூர்த்தம்மா கதிரையில் இருந்துகொண்டார்.

“உன்ரை மனிசன் விரும்பித்தானே குடுத்தவன்?”

“ஓம். எனக்குச் சொல்லாமல் குடுத்தவர்.”

“எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை.”

“அதுதான் மாமி, வேறை வழியில்லாமல் உங்களிட்டை…”

லூர்த்தம்மாவின் கை கழுத்துக்குப் போனது. சங்கிலியைக் கழற்றவுமில்லை, விடவுமில்லை. விரலில் சுற்றிப் பிடித்தபடி றொசாந்தியைப் பார்த்தார்.

“மூண்டு வருசம், பிள்ளை. எப்ப மீட்டுத் தருவியள் எண்டு ஒருநாளாவது உன்ரை வாசலுக்கு வந்து கேட்டனானோ?”