மாப்பிள்ளையின் பாதங்கள்

லம்பாங் ஊரில் எங்கள் வீட்டில் பிக்குகளின் மந்திர ஓதல் என்றால் தெருவே வரும். அன்று ஒன்பது பிக்குகள் மேடையில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். என் மகள் ஒரதையின் கணவர் யோர்ன் தரையில் கடைசி வரிசையில், பின்சுவருக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருந்தார். டென்மார்க்காரர், ஆறரை அடி உயரம். பிக்குகளின் பக்கம் அவர் பாதம் ஒருமுறை நீண்டால் போதும், அதன்பின் கோயில் வாசலில் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"அண்ணே, உங்க மாப்பிள்ளை காலை நீட்டினா நான் எழுந்து போயிடுவேன்" என்றாள் என் தங்கை புன்ருவன், பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும்படி.

"நீட்டமாட்டார். நீ வாயை மூடு."

ஓதல் பாதியில் யோர்னின் முகம் சிவந்தது. மடித்த கால் மரத்துப்போய் நடுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் அப்படியே திரும்பி, பிக்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால்களைச் சுவர் பக்கம் நீட்டியிருந்தார். இது அதைவிட மோசமா என்று எனக்கே விளங்கவில்லை.

ஓதல் முடிந்ததும் மூத்த பிக்கு கேட்டார். "அவர் ஏன் சுவரைப் பாத்து உக்காந்திருக்காரு?"

ஒரதை கைகூப்பினாள். "கால் உங்க பக்கம் நீளக்கூடாதுன்னுதான், சாமி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இவ்வளவு மரியாதையான முதுகை நான் பாத்ததே இல்ல. அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா."

கூடமே சிரித்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. புன்ருவன் நாற்காலி எடுக்க ஓடினாள்.

"நில்லு," என்றேன். "என் மாப்பிள்ளைக்கு நான் போடுவேன்."