வெள்ளி பூசிய ஆக்ஸில்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் சொல்கிற நாக்கு அழுகிப்போகட்டும். அத்தனையும் சத்தியம்.

தெருவின் இந்தப் பக்கம் மூத்த சகலையின் லாரி ரிப்பேர் ஷெட். எதிரே இளைய சகலையின் ஷெட். அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவன் அவன். தொழில் ஒன்றுதான், ஆனால் கூட்டமெல்லாம் அந்தப் பக்கம். தரையில் விழுந்த ஒரு சொட்டு ஆயிலை மோந்து பார்த்தே எந்தச் சக்கரத்தில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையமான சீல் போயிருக்கிறது என்று இளையவன் சொல்லிவிடுவானாம். மூத்தவரின் மனைவி சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கும் முன் இந்தப் பேச்சைத்தான் திறப்பாள்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் கை பட்டாலே போதுமாம், எந்த வண்டியும் ஒழுகாதாம்."

மூத்தவருக்கு வயிறு எரியும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஆறிப்போன டீயை அவர் வயிற்றின்மேல் கொஞ்ச நேரம் வைத்தால் ஆவி பறக்கும். அடுப்பு மிச்சம் என்று மனைவி பல நாள் அப்படித்தான் சுடவைத்தாள்.

ஒருநாள், எதிர் ஷெட்டில் இடமில்லாததால், ஒரு லாரி இவரிடம் வந்தது. பின் ஆக்ஸிலில் ஆயில் கசிவு. மூத்தவர் குறை வைக்கவில்லை. ஆக்ஸிலை மூடியிருக்கிற இரும்புக் கூடான ஹவுசிங்கை டீசல் போட்டுக் கழுவித் துடைத்தார். சாக்பீஸ் தூளைத் தூவி, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். வெள்ளைத் தூளில் ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. இடது சக்கரத்தில் தொடங்கியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த சீலைப் பிடுங்கி, புதியதைத் தட்டி உட்காரவைத்தார். அதோடு கையைக் கழுவியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எதிரே இளையவன் ஒரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது பளபளத்தது. பொறுக்குமா? மூத்தவர் ஒரு டப்பா வெள்ளிப் பெயிண்டை எடுத்து ஹவுசிங் முழுக்க அடித்தார். மேலே, கீழே, இண்டு இடுக்கு ஒன்றையும் விடவில்லை. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அந்த லாரி சிக்னலில் நின்றால் பின்னால் நிற்கிறவர்கள் இறங்கிவந்து அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டார்கள்.

லாரி திரும்பி வந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒழுகியது. இரண்டு சீலையும் மாற்றினார். மறுபடி வந்தது. பிரேக்கெல்லாம் ஆயிலில் குளித்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, இன்னொரு தடவை ஒழுகுச்சுன்னா எதிர்த்த ஷெட்டுலதான் விடுவேன்" என்றான் டிரைவர்.

"இப்பவே விடுப்பா, இன்னொரு தடவை எதுக்கு?" என்றாள் கேரியரோடு வந்த மனைவி.

மானம் போக, மூத்தவர் வண்டிக்கு அடியில் புகுந்தார். ஹவுசிங் நிறைமாசம்போல உப்பியிருந்தது. ஆயில் ஊற்றுகிற இடத்து போல்ட்டைத் தளர்த்தினார். சீறி வந்த காற்றில் அவர் மீசை திரும்பிக் காதோரம் போய் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் உறைத்தது. ஓடுகிறபோது சூடாகிற காற்று வெளியேற ஹவுசிங்கின் உச்சியில் பிரீதர் என்று சின்னதாக ஒரு துளை இருக்கும். தடவிப் பார்த்தார். வழுவழுவென்று வெள்ளிப் பெயிண்ட். போக வழியில்லாத காற்று, ஆயிலையும் இழுத்துக்கொண்டு சீலைத் தள்ளி வெளியே வந்திருக்கிறது.

போல்ட்டை இறுக்கிவிட்டு, ஊசியால் அடைப்பைக் குத்தினார். மிச்சமிருந்த காற்று ரயில் போல ஊதியது. சத்தம் கேட்டு இளையவன் ஓடிவந்தான். மூத்தவர் ஊசியைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார்.

"என்ன, சிரிக்க வந்தியா?"

இளையவன் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் இருந்தது.

"அட நீங்க வேற! உங்க வெள்ளி ஆக்ஸிலைப் பார்த்ததுலேருந்து என் வீட்டுக்காரி என்னை வாட்டி எடுக்கறாண்ணே. அக்கா வீட்டுக்காரர் வேலைதான் வேலைங்கறா. வயித்தெரிச்சல் தாங்காம நானும் ஷெட்டுல நின்ன அத்தனை வண்டிக்கும் பெயிண்ட் அடிச்சுட்டேன். இப்ப அத்தனையும் ஒழுகுது. மோந்து மோந்து மூக்கே போச்சு!"

மூத்தவரின் வயிறு, கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக, குளுகுளுவென்று ஆனது. ஊசியை எடுத்து நீட்டினார்.

"உச்சியில ஒரு துளை இருக்கும், அங்க குத்து தம்பி. பெயிண்ட் அடிச்சா அது மூச்சு விடறதுக்கு வழி வெச்சு அடிக்கணும். இதெல்லாம் அனுபவத்துல வர்றது."

இளையவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடினான். டிரைவர் ஊரைச் சுற்றிவிட்டு வந்து குனிந்து பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. "இனி என் வண்டி இங்கதாண்ணே" என்றான். மூத்தவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். இப்போதாவது ஒரு வார்த்தை வரும்.

வந்தது. "பார்த்தீங்களா, என் தங்கச்சி வீட்டுக்காரர் எவ்வளவு அடக்கமா வந்து கேட்டுட்டுப் போறார்! உங்களுக்கு இந்தக் குணம் வருமா?"

சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தாள். ஆவி பறந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது: மூத்தவரின் மனைவி, அவள் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை. தங்கச்சியே கிடையாது; ஆனாலும் சொன்ன நாக்கு இன்னும் அழுகவில்லை.