பூச்சியில்லாத மரம்

பொய்யைச் சொல்லும்போது நெட்டையன் மரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னான். கோடரியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு, பிறகு உதட்டை ஒரு பிதுக்கு.

"உள்ள பூச்சி விழுந்திருக்குக்கா. பெட்டி அடிக்கிறவங்கதான் வாங்குவாங்க. விலை பெருசா வராது."

தையல்காரம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில், செத்துப்போன கணவர் நட்டுவைத்த பைன் மரங்கள் அவை. கூரை ஒழுகாமல் இருந்திருந்தால் விற்றிருக்க மாட்டாள்.

"நீ சொன்னா சரிதான் தம்பி," என்றாள்.

நெட்டையன் பிறவிப் பொய்யன் அல்ல. சங்கிலி சுற்றும் ஒரு மெஷின் வாளையும் ஒரு பழைய லாரியையும் வைத்துக்கொண்டு, மனைவியின் தம்பியோடு சேர்ந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் வெட்டிப் பிழைக்கிறவன். மில்லுக்குப் போனால் மில்காரர் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைப் பாடுவார்: "கப்பல்ல வர்ற பலகை இதைவிட மலிவுப்பா." அவர் விலையில் குறைப்பதை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது. பேரம் பேசத் தெரியாத தலையாகப் பார்த்துக் கட்டிவிட்டான்.

மச்சினனுக்கு இது தெரியாது. அவன் வாயைத் திறந்தால் உள்ளதுதான் வரும். அதனாலேயே விலை பேசப் போகும்போது நெட்டையன் அவனைக் கூட்டிப் போவதில்லை.

மறுவாரம் வெட்டத் தொடங்கினார்கள். முதல் மரம் சரிவோடு விழுந்து, கிளைகள் நொறுங்கி அடங்கியது. அடிக்கட்டையின் வெட்டு முகம் வெண்ணெய் போல வெளுப்பாக இருந்தது. ஒரு துளை இல்லை, ஒரு கறை இல்லை. பிசின் வாசனை மூக்கைத் துளைத்தது.

தையல்காரம்மா தேநீரோடு வந்தவள் அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"பூச்சி எங்க தம்பி?"

நெட்டையன் குனிந்து மெஷின் வாளைக் கையில் எடுத்தான். வாளின் சங்கிலி தளர்ந்துவிட்டதுபோல அதைத் திருகத் தொடங்கினான். மச்சினன் கட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மாமாவின் குனிந்த பிடரியைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"மேலதான்கா," என்றான் தரையைப் பார்த்து. "கிளைப் பக்கம்."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு அவள் தேநீரை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மில்காரர் தடிகளைத் தடவிப் பார்த்து அசந்துபோனார். "இந்த மாதிரி சரக்கு கொண்டு வந்தா நான் எதுக்குப்பா பேரம் பேசப் போறேன்? ஜன்னல் சட்டத்துக்கே ஆகும்."

லாரியில் திரும்பி வரும்போது நெட்டையன் கேட்டான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீங்க அந்தக்கா முன்னாடி அப்படி நின்னதைப் பாக்க முடியல மாமா."

அவன் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். மில்லை, கப்பலை, யாரையாவது இழுத்துச் சமாளித்திருக்கலாம். இரவு வீட்டில் சாப்பிடும்போது மனைவி வேறு, "என் தம்பி உங்ககிட்ட தொழிலை நல்லாக் கத்துக்கிட்டானா?" என்று சிரித்தபடி கேட்டாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான்.

விடிந்ததும் தனியாகப் போனான். தையல்காரம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மில்லில் கிடைத்ததில் அவளுக்குச் சேர வேண்டியதை மேசைமேல் வைத்தான்.

"அக்கா, மரத்துல பூச்சி இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. தையலை ஓரம்வரை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்தாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது தம்பி."

"அப்ப நேத்தே ஏன் கேக்கல?"

"கேட்டேனே. நீ சங்கிலியத் திருகிட்டு இருந்த. அந்தப் பையனைப் பொய் சொல்ல வச்ச."

அவன் மேசைமேல் இருந்த பணத்தை அவள் பக்கம் இன்னும் நகர்த்தினான்.

"மிச்ச மரத்தை அவன் வந்து வெட்டட்டும்," என்றாள். "விலையும் அவனே பேசட்டும். நீ வேண்டாம்."

மச்சினனிடம் இதைச் சொன்னபோது அவன் காலணியை மாட்டினான். பிறகு அவளிடம் போய், மாமா இல்லாமல் தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். அவள் ஒத்துக்கொண்டாள். தன்னைத் துரத்தியிருந்தாலே நன்றாக இருந்திருக்கும் என்று நெட்டையனுக்குத் தோன்றியது.

அந்த வாரம் முழுக்க மச்சினன் வெட்டினான், நெட்டையன் கிளை இழுத்தான். அவள் எதைக் கேட்டாலும் மச்சினனிடம்தான் கேட்டாள். நெட்டையனுக்கும் தேநீர் தந்தாள், முகம் பார்க்காமல். கையெல்லாம் பிசின் அப்ப, தலையைக் குனிந்தபடியே குடித்து முடித்துத் திரும்பவும் கிளைகளிடம் போவான்.

"மாமா, விழப்போகுது. தள்ளி நில்லுங்க," என்பான் மச்சினன், எப்போதும் பேசும் அதே மரியாதையோடு.

நெட்டையன் தள்ளி நிற்பான்.