சர்க்கார் என்று சொல்லாதீர்கள்

பி.ஏ. தமிழ் முடித்த கையோடு, ஒரு வருடம் கிராமத்துக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று ஹமீதா பானு கிளம்பியபோது, சீர்காழி கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த அவள் அத்தா முகம்மது யூசுப் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. இருட்டுறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடணும்." நிபந்தனை இரண்டாகிவிட்டதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் சொல்லிக்காட்டவில்லை.

தஞ்சாவூரில் இருந்த சேவை மன்றம் அவளை வடக்குவெளிச் சேரியில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அனுப்பியது. எழுபத்திரண்டாம் வருடம். பெண்கள் வயலிலிருந்து கரையேறி, காலில் சேற்றைக் கழுவியும் கழுவாமலும் வந்து உட்காருவார்கள். கடைசி பஸ் வருவதற்குள் கிடைக்கிற நேரம்தான் பள்ளிக்கூடம். நடவு என்றால் ஒன்றிரண்டு பேர் வந்தால் அதிகம். களையெடுப்பு என்றாலும் அப்படித்தான். அறுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். கொடுத்த சிலேட்டை ஒருத்தி தண்ணீர்ப் பானைக்கு மூடியாக்கியிருந்தாள். "அளவு எடுத்த மாதிரி இருக்கு டீச்சரம்மா" என்று நன்றி வேறு சொன்னாள். ஹமீதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். தைலம்மையைத்தான் பொறுக்க முடியவில்லை.

தைலம்மை மக்குப் பிள்ளையாக இருந்திருந்தால் வம்பே இல்லை. நாற்பதை நெருங்கிய அந்தப் பெண்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. மற்றவர்கள் 'அ'வுக்குச் சுழி போடத் தடுமாறிக்கொண்டிருந்தபோது இவள் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டாள். அவள் புருஷனை ஊரே கொடிக்காரர் என்றுதான் கூப்பிடும். விவசாயத் தொழிலாளர் ஊர்வலம் எது போனாலும் முன்னால் சிவப்புக்கொடி பிடித்துப் போகிறவர் அவர். போன அறுப்பில் மேலப்பண்ணையோடு கூலித் தகராறு வந்து கைகலப்பாகிவிட, போலீஸ் பிடித்துக்கொண்டுபோனதில் திருச்சி ஜெயிலில் கிடந்தார். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. வகுப்புப் பதிவில்கூட ஹமீதா 'கொடிக்காரர் மனைவி' என்றே எழுதியிருந்தாள்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரு வார்த்தை மட்டும் வாயில் நுழையவில்லை. அரசு.

எங்கே பார்த்தாலும் தமிழ் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மதராஸ் தமிழ்நாடு ஆகியிருந்தது. பலகைகளில் பழைய எழுத்தை அழித்துப் புதுசாகத் தமிழ் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆவேசத்தில் முக்கால்வாசி ஹமீதாவின் உடம்புக்குள் இறங்கியிருந்தது. கடையில் அத்தா 'ரசீது' என்றால் 'பற்றுச்சீட்டு' என்று திருத்துவாள். "ரசீதுன்னாதான்மா வாங்கிக்கிறான். நீ சொல்றதைச் சொன்னா பத்துப் போடுற வைத்தியர் சீட்டான்னு கேப்பான்" என்பார் அவர். வீட்டில் பலிக்காததைச் சேரியில் பலிக்கவைத்துவிடுவது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சர்க்கார்னு சொல்லாதீங்க தைலம்மக்கா. அது நம்ம வார்த்தை இல்லை. அரசு. எங்க, சொல்லுங்க."

"சர்க்காரு."

"அ, ர, சு."

தைலம்மை தலையைக் குனிந்துகொள்வாள். மற்ற பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருத்தி, "விடாதீங்க டீச்சரம்மா, இன்னொரு தடவை கேளுங்க" என்று எடுத்துக்கொடுப்பாள். ஹமீதாவும் விடமாட்டாள். அவர்கள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று காது சிவந்துபோகும்.

அந்த வார்த்தையோடு போயிருந்தாலும் பரவாயில்லை. குளத்தங்கரை அரசமரத்தைக் காட்டி இது என்ன மரம் என்றால், "புள்ளையார் மரம்" என்றாள். ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தான் என்று எழுதிக்கொடுத்தால், "ஒரு ஊருல ஒரு ராசா இருந்தாரு" என்று சரளமாகப் படித்தாள். எழுத்தைப் பார்க்காமல் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள் என்று ஹமீதாவுக்குச் சந்தேகம் வந்தது. சிலேட்டை வெடுக்கென்று பிடுங்கி, "இதுல ராசான்னா எழுதியிருக்கு? கண்ணைத் திறந்து பாருங்க" என்று கத்தினாள். கத்திய பிறகு, தன்னைவிட இருபது வயது மூத்தவளைக் கத்திவிட்டோமே என்று பஸ்ஸில் போகும்போது வருத்தப்பட்டாள். மறுநாளே மறுபடி கத்தினாள்.

மன்றத்திலிருந்து பார்வையிட வந்த அம்மாளிடம் மானம் போனதுதான் உச்சம். 'அரசு நமக்கு உதவும்' என்று கரும்பலகையில் எழுதி, நம்பிக்கையோடு தைலம்மையைத்தான் அந்த அம்மாள் எழுப்பினார். கெட்டிக்காரி என்று ஹமீதாவே பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். தைலம்மை பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நமக்கு உதவும்" என்றாள்.

"யார் உதவும்னு எழுதியிருக்கு?"

"சர்க்காருங்க."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மன்றத்து அம்மாள் சிரிக்கவில்லை. "எழுத்தைக் கத்துக்கொடுங்க பானு, பொருளை அவங்களே தெரிஞ்சிக்குவாங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஹமீதா அன்றைக்கு வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதாள். வேண்டுமென்றே செய்கிறாள் இந்தப் பெண், எனக்கென்று வந்து வாய்த்தாளே என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

அவளுடைய வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மனை விசாரணை வந்தது.

பண்ணையார்கள் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிற விவசாயக் கூலிகளுக்கு அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்து வருடம் ஒன்று ஓடியிருந்தது. சட்டத்தை எழுத்துக்கூட்டி வகுப்பில் படித்துக்காட்டியவளே ஹமீதாதான். மேலப்பண்ணைக் காரியஸ்தர் இளையபெருமாள் மற்ற வீடுகளை முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். கொடிக்காரர் வீட்டை மட்டும் விடுவதாக இல்லை. அது பண்ணையின் மாட்டுக்காரன் குடிசை, கணக்கில் இருப்பது அவன் பேர்தான், அவன் எங்கேயோ போய்விட்டான், கொடிக்காரன் நேற்றைக்கு வந்து புகுந்துகொண்டவன் என்று ஆட்சேபணை கொடுத்துவிட்டார். ஆட்சேபணை நின்றால் தைலம்மை சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். ஜெயிலிலிருந்து வருகிற மனுஷனுக்குத் திரும்பி வர ஒரு வாசல் இருக்காது.

தாசில்தார் ஜீப்பில் வந்து குளத்தங்கரை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து ஊர் ஊராக அலைந்து அலுத்துப்போன மனிதர். முதல் வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்டால் சேரியே சேர்ந்து பதில் சொன்னது. இளையபெருமாள் அதைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எல்லாம் ஒரே கட்சி ஆளுங்க. எடுத்துக்கொடுத்து எடுத்துக்கொடுத்துச் சொல்ல வைக்கிறாங்க. இந்தப் பொம்பளை நெசமாவே கணக்குல பேர் இருக்கிறவன் பொண்டாட்டின்னா அந்தப் பேரை அதுவே சொல்லட்டும்."

தாசில்தார் கூட்டத்தைக் கரைக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். ஹமீதா மட்டும் நின்றாள்.

"நீங்க யாரும்மா?"

"சேவை மன்றத்து ஆசிரியை."

"நில்லுங்க. ஆனா வாயைத் திறந்தீங்கன்னா விசாரணையை இதோட மூடிட்டுப் போயிடுவேன்." பிறகு தைலம்மையைப் பார்த்தார். "ஏம்மா, எங்க பழைய அடங்கல் கணக்குல இந்தக் குடிசைக்கு எதிர ஒரு பேர் இருக்கு. கொடிக்காரன்னு இல்லை. நான் சொல்லமாட்டேன். உன் புருஷன் பேரு என்ன, நீ சொல்லு."

தைலம்மை வாயைத் திறக்கவில்லை.

ஹமீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? அவள் அம்மாவும் 'ஒங்க அத்தா'வுக்கு மேல் ஒரு வார்த்தை சொன்னவளில்லை. அதற்காக வீடு போகிற நேரத்திலுமா? சொல்லித் தொலைங்களேன் அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"எங்க வீட்லயும் இதே சம்பிரதாயந்தாம்மா" என்றார் தாசில்தார். "ஆனா ஆட்சேபணை இருக்கே. நான் என்ன பண்ணுவேன்?"

"அவரு ஜெயில்ல இருக்காருங்க. இந்த நேரத்துல நான் பேரைச் சொல்லி, அவரு ஆயுசுக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்றாள் தைலம்மை. பிறகு கையைத் தூக்கி, தலைக்கு மேலே இருந்த மரத்தைக் காட்டினாள்.

தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார். அடியில் இருந்த பிள்ளையார்தான் அவர் கண்ணில் பட்டது. "கணபதியா?"

தைலம்மை தலையை ஆட்டி இல்லை என்றாள்.

"விநாயகம்? பிள்ளையாரப்பன்?"

கடைசிப் பெயருக்கு அவள் பாதித் தலையை ஆட்டினாள். இளையபெருமாள் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாதிப் புருஷன் போலிருக்கு சார்!"

தைலம்மை சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஐயா, ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கிறது யாருங்க?"

"கவர்மெண்ட்டு."

"அது இல்லீங்க. டீச்சரம்மா சொல்ற மாதிரி."

"சர்க்கார்தான், வேற யாரு?"

"ஐயோ, அதுவும் இல்லீங்களே!"

ராசா. புள்ளையார் மரம். சர்க்காரு. வருடம் முழுவதும் நடந்தது அத்தனையும் ஹமீதாவுக்கு ஒரே கணத்தில் விளங்கிவிட்டது. வாய்வரை வந்த வார்த்தையைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள். வருடம் பூராவும் தொண்டை கிழியக் கத்தின வார்த்தை, வேண்டிய நேரத்தில் சொல்ல முடியாமல் நெஞ்சை அடைத்தது. தமிழ் ஆட்சியில் சம்பளம் வாங்குகிற இந்த மனிதருக்கு ஒரு தடவைகூடத் தமிழ் வரவில்லையே என்று அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது.

"நேரமாகுது சார்" என்றார் இளையபெருமாள்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். தைலம்மை விறுவிறுவென்று ஜீப்பை நோக்கி நடந்தாள். டிரைவர் பதறிப்போய் இறங்கினான். ஜீப்பின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் இரண்டு வார்த்தைகள் இருந்தன. தமிழ்நாடு அரசு. முதல் வார்த்தையை விட்டுவிட்டு, இரண்டாவது வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள் தைலம்மை. பிறகு அதற்குக் கீழே, வடக்குவெளிப் பாதையின் புழுதி அப்பியிருந்த தகட்டில், ஆள்காட்டி விரலால் எழுதினாள். அப்பன். 'ப்'புக்குப் புள்ளி வைக்க மறந்து, திரும்பி வந்து வைத்தாள்.

தாசில்தார் எழுந்து போய்ப் பார்த்தார். "அரசு. அப்பன்." "அரசப்பன்!"

தைலம்மை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அரசுக்குப் பின்னால் அப்பன் வந்தால் உகரம் ஓடிப்போய் அகரம் ஏறிக்கொள்ளும் என்று கல்லூரியில் உருப்போட்ட புணர்ச்சி விதி, புழுதி படிந்த ஜீப்பில் எழுதியிருந்ததை ஹமீதா பார்த்தாள்.

"சார், வாயால சொல்லணும்னுதானே..." என்று ஆரம்பித்தார் இளையபெருமாள்.

"வாயால நான் சொல்லிட்டேன்யா. அடங்கல்லயும் அதான் இருக்கு. ஆட்சேபணை தள்ளுபடி. அடுத்த ஊருக்குப் போகவேணாமா?"

ஜீப் கிளம்பும்போது தைலம்மை ஓடிப்போய் உள்ளங்கையால் அந்தப் புழுதி எழுத்தைத் துடைத்துவிட்டு வந்தாள். ஹமீதா அவளை மறித்துக்கொண்டாள். சந்தோஷமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, கோபம் இன்னும் அடங்கவில்லை.

"ஏன்க்கா, ஒரு வருஷமா என்னைப் பைத்தியமா அடிச்சீங்களே. அவர் பேரு இது, அதனாலதான் சொல்லமாட்டேங்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"அந்த ஒரு வார்த்தையத்தானே டீச்சரம்மா சொல்லக் கூடாது?"

"மத்தவங்களாவது சொல்லியிருக்கலாமே!"

"ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்" என்றாள் தைலம்மை, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு. "நாத்தனா மொறைக்குக் கேலி பண்றீங்கன்னு. அவரு இல்லாத ஊருல, நாளு தவறாம நீங்க ஒருத்தராவது அந்தப் பேரை வாய் நெறையச் சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. அதைக் கேக்கத்தான் டீச்சரம்மா நான் நடவுன்னாலும் களைன்னாலும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுவேன்."

பஸ் வந்துவிட்டது.

இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தாள். கடையைக் கட்டிவிட்டு வந்த அத்தா, கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, அந்தப் பொம்பளை மனை விஷயம் என்னாச்சு? சர்க்கார் என்ன சொல்லுது?"

திருத்துவதற்காக அவள் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டாள். இன்னொருத்தி புருஷன் பெயரைத் தான் ஏன் சும்மா சும்மா சொல்லவேண்டும்?

"சர்க்கார் குடுத்துடுச்சு அத்தா" என்றாள்.